வெஸ்ட் பாயிண்ட்டை மாற்றிய சில்வானஸ் தேயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாடம் நடத்தும் முறைகள் பற்றிப் பேச்சு வந்தால் தேயர் பெயரை இழுத்துவிடுவது என் வழக்கம். இழுத்ததும் வருகிற கேள்விகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டதால், கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளைப் போட்டு மொத்தமாக எழுதிவிடுகிறேன். ஒருமுறை சொன்னதை மறுபடி சொல்லவில்லை, அதனால் மேலிருந்து படித்துக்கொண்டு வருவது நல்லது.

யாருங்க இந்த தேயர்? பெரிய போர் எதுலயாவது ஜெயிச்சவரா?

இல்லை. 1785இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பிரெயின்ட்ரீ என்ற ஊரில் பிறந்தவர். டார்ட்மத் கல்லூரியில் 1807ஆம் வருட வகுப்பின் முதல் மாணவர் அவர்தான். பட்டமளிப்பு விழாவில் அவர் பேசுவதாக இருந்தது. அதற்குள் வெஸ்ட் பாயிண்ட்டில் இடம் கிடைத்துவிடவே விழாவுக்குக்கூட நிற்காமல் கிளம்பிப் போய்விட்டார். அங்கே ஒரே வருடத்தில் முடித்து, 1808இல் ராணுவப் பொறியாளர் பிரிவில் அதிகாரி ஆனார். 1812இல் பிரிட்டனோடு வந்த போரில் வர்ஜீனியாவின் நார்ஃபோக் துறைமுகத்துக்கு அரண் கட்டிக் காத்தார். போரில் பெயர் சொல்லும்படி செய்தது என்று பார்த்தால் அவ்வளவுதான்.

அவர் பெயர் நிற்பது வேறு காரணத்துக்காக. நியூயார்க் நகரத்துக்கு வடக்கே ஹட்சன் ஆற்றங்கரையில் இருக்கிறது வெஸ்ட் பாயிண்ட், அமெரிக்கத் தரைப்படை அதிகாரிகளை உருவாக்கும் அகாடமி. 1817 முதல் 1833 வரை பதினாறு வருடம் அதன் தலைவராக இருந்தார்.

அகாடமி 1802லேயே ஆரம்பிச்சாச்சு. இவர் வந்தது 1817. அப்புறம் எப்படி இவரைப் போய் ‘அகாடமியின் தந்தை’ன்னு சொல்றாங்க?

நியாயமான கேள்விதான். சட்டப்படி ஆரம்பித்தது ஜெஃபர்சன் ஜனாதிபதியாக இருந்தபோது, முதல் தலைவர் ஜோனதன் வில்லியம்ஸ். ஆனால் அந்த முதல் பதினைந்து வருடத்தில் அது பள்ளிக்கூடமா, பாசறையா, வேலை கிடைக்கும்வரை பிள்ளைகளை உட்கார வைக்கிற இடமா என்று சொல்ல முடியாத நிலை. பத்து வயதுப் பையனும் இருந்தான், முப்பத்தேழு வயது ஆளும் இருந்தார். ஒருவர் ஆறு மாதத்தில் வெளியே போனார், இன்னொருவர் ஆறு வருடம் இருந்தார். தேயரே ஒரு வருடத்தில் முடித்ததைப் பார்த்தோமே, அவர் கெட்டிக்காரர் என்பது ஒரு காரணம், இத்தனை வருடம் படிக்க வேண்டும் என்று யாரும் விதி வைக்காதது இன்னொன்று.

யார் எப்போது தேறினார்கள் என்பதைத் தலைவரின் மனசுதான் முடிவு செய்தது. அதைப் பிடுங்கி ஒரு கணக்குப் புத்தகத்தின் கையில் கொடுத்தவர் தேயர். என்னைக் கேட்டால் அவருடைய மொத்தச் சாதனையும் இதுதான். மிடுக்கு, கட்டுப்பாடு, பூட்ஸ் பளபளப்பு எல்லாம் அப்புறம்.

அவருக்கு முன்னாடி இருந்த பார்ட்ரிட்ஜ் அவ்வளவு மோசமான ஆளா?

கேப்டன் ஆல்டன் பார்ட்ரிட்ஜை வில்லனாக்கி எழுதுவது சுலபம், நிறையப் பேர் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். பையன்களுக்கு அவரைப் பிடிக்கும். கவாத்து நன்றாகச் சொல்லிக்கொடுப்பார். வெஸ்ட் பாயிண்ட்டின் அந்தப் புகழ்பெற்ற சாம்பல் நிறச் சீருடைகூட 1816இல் அவர் காலத்தில் வந்ததுதான், தேயர் கொண்டுவந்தது இல்லை. ஆனால் பேராசிரியர்களோடு ஓயாத சண்டை, வேண்டியவர்கள் வேண்டாதவர்கள் என்ற பாகுபாடு, எல்லாவற்றையும் தானே முடிவு செய்ய வேண்டும் என்ற பிடிவாதம். புகார்கள் ஜனாதிபதி மன்றோ வரை போயின, 1817 ஜூலையில் தேயரை நியமித்தார்.

அதோடு முடியவில்லை. வெளியே போயிருந்த பார்ட்ரிட்ஜ் ஆகஸ்ட் கடைசியில் திரும்பி வந்து, பொறுப்பைத் தானே மறுபடி எடுத்துக்கொண்டுவிட்டார். கேடட்டுகள், அதாவது அங்கே படிக்கும் பையன்கள், கைதட்டி வரவேற்றார்கள். தேயர் ஒரு வார்த்தை சண்டை போடாமல் நியூயார்க் போய் மேலிடத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். உத்தரவு வந்தது, பார்ட்ரிட்ஜ் கைதானார், ராணுவ நீதிமன்றம் அவரைப் பணிநீக்கம் செய்யச் சொன்னது, மன்றோ தண்டனையைத் தள்ளுபடி செய்தார், 1818இல் அவரே ராஜினாமா செய்தார். மறுவருடம் வெர்மாண்ட்டில் நார்விச் என்ற ஊரில் சொந்தமாக ஒரு ராணுவப் பள்ளி தொடங்கினார், அது இன்றைக்கு நார்விச் பல்கலைக்கழகம். தோற்றுப்போன ஆள் என்று அவரை ஒதுக்கிவிட முடியாது.

பிரான்சுக்குப் போய் அப்படியே காப்பியடிச்சுட்டு வந்தார்னு சொல்றாங்களே?

பாதி உண்மை. 1815இல் அரசாங்கம் அவரையும் வில்லியம் மக்ரீ என்ற இன்னொரு பொறியாளரையும் ஐரோப்பாவுக்கு அனுப்பியது, புத்தகம் வாங்க 5,000 டாலர் கொடுத்தது. நெப்போலியன் அப்போதுதான் வாட்டர்லூவில் விழுந்திருந்தார். பாரிசின் எக்கோல் பாலிடெக்னிக்கையும் மெட்ஸ் நகரத்து ராணுவப் பள்ளியையும் பார்த்து, சுமார் ஆயிரம் புத்தகங்களும் ஏராளமான வரைபடங்களும் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள்.

கணிதத்தை அடித்தளமாக வைப்பது, அதன்மேல் பொறியியலைக் கட்டுவது, பாடப்புத்தகம் பெரும்பாலும் பிரெஞ்சில் இருந்ததால் முதல் வேலையாக பிரெஞ்சு கற்பிப்பது, இவை அங்கிருந்து வந்தவை. ஆனால் பாலிடெக்னிக்கில் பெரிய பெரிய மேதைகள் கூடம் நிறைய மாணவர்களை வைத்துக்கொண்டு சொற்பொழிவு செய்தார்கள். தேயரிடம் மேதைகளும் இல்லை, அந்தச் சொற்பொழிவைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்குத் தயாரான பையன்களும் இல்லை. எழுதப் படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் தெரிந்தால் போதும் என்பதுதான் சேர்க்கை விதி. அதனால் வகுப்பறையைத் தலைகீழாக மாற்ற வேண்டியிருந்தது.

சரி, ‘தேயர் முறை’ வகுப்புன்னா உள்ளே என்னதான் நடக்கும்?

ஒரு வகுப்பில் பத்திலிருந்து பதினைந்து பேர். அன்றைய பாடத்தை முதல்நாள் இரவே ஒவ்வொருவரும் தனியாகப் படித்துவிட்டு வரவேண்டும். ஆசிரியர் வந்ததும் ‘நேற்று எங்கே விட்டோம்’ என்ற பேச்செல்லாம் கிடையாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஆளுக்கொரு கணக்கு கொடுத்துப் பலகைக்கு அனுப்புவார். கேடட் சாக்பீஸால் படம் வரைந்து, கணக்கைப் போட்டு முடித்து, ஆசிரியரைப் பார்த்து நிமிர்ந்து நின்று, தன்னிடம் கேட்கப்பட்டது என்ன என்று முதலில் சொல்லிவிட்டு, ஒவ்வொரு படியாக விளக்க வேண்டும். நடுவில் ஏன், எப்படி என்று கேள்வி வரும். மனப்பாடம் செய்தவன் மாட்டிக்கொள்வது அங்கேதான், படத்தில் ஓர் எழுத்தை மாற்றிப் போடச் சொன்னால் போதும்.

முடிந்ததும் மதிப்பெண். பூஜ்யத்திலிருந்து மூன்று வரை, தினமும், ஒவ்வொரு பாடத்துக்கும். வார முடிவில் கூட்டி, பட்டியல் வெளியே வந்துவிடும். திறமைப்படி வகுப்புகளைப் பிரித்து வைத்திருப்பதால் முதல் பிரிவில் இருப்பவன் சறுக்கினால் அடுத்த பிரிவுக்குப் போகவேண்டும், கீழே இருப்பவன் ஏறினால் மேலே வரலாம். ஜனவரியிலும் ஜூனிலும் பெரிய வாய்மொழித் தேர்வு. ஜூன் தேர்வுக்கு வெளியிலிருந்து பெரிய மனிதர்களைக் கொண்ட பார்வையாளர் குழு வந்து உட்காரும்.

பெரும்பாலோர் கவனிக்காத விஷயம் ஒன்று. இந்த ஏற்பாட்டில் ஆசிரியர் ரொம்பக் கொஞ்சம்தான் பேசுகிறார். சுமாரான ஆசிரியர் இருந்தாலும் பாடம் நடந்துவிடும். நல்ல ஆசிரியருக்கு அலைந்த ஒரு நாட்டில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

கரும்பலகையைக் கண்டுபிடிச்சதே வெஸ்ட் பாயிண்ட்தானாமே?

இல்லை, கண்டுபிடிக்கவில்லை. வெஸ்ட் பாயிண்ட்டிலேயே தேயருக்கு முன்பு, அகாடமிக்குச் சட்டம் வருவதற்கும் முன்பே 1801 வாக்கில், ஜார்ஜ் பேரன் என்ற கணித ஆசிரியர் பலகையைப் பயன்படுத்தியிருக்கிறார். இந்தக் கதை கிளம்பியது கிளாடியஸ் குரோசே என்ற பிரெஞ்சுக்காரரால். நெப்போலியன் படையில் இருந்தவர், பாலிடெக்னிக்கில் படித்தவர். பொறியியல் சொல்லிக்கொடுக்க வந்தவர், பையன்களுக்கு விவரண வடிவியல் என்றால் என்னவென்றே தெரியாததைப் பார்த்துத் திகைத்துப்போனார். முப்பரிமாணப் பொருளைத் தாளில் வரைந்து காட்டும் கணிதம் அது. அதற்கு ஆங்கிலத்தில் புத்தகமும் இல்லை, அவருக்கு ஆங்கிலமும் சரியாக வராது. தச்சரைப் பிடித்துப் பலகை செய்ய வைத்து, கறுப்பு வண்ணம் அடிக்க வைத்து, வரைந்தே நடத்த ஆரம்பித்தார். பிறகு 1821இல் அவரே அந்தப் பாடத்துக்கு ஆங்கிலத்தில் புத்தகம் எழுதினார்.

எங்கப்பா எம்.பி., எங்க மாமா ஜெனரல்னு யாரும் சொல்லிக்கிட்டு வரலையா? சிபாரிசு அங்கேயும் உண்டுல்ல?

தாராளமாக உண்டு, வாசல்வரைக்கும். யாரைச் சேர்ப்பது என்பது தேயர் கையில் இல்லை, அது அரசியல்வாதிகளும் போர்த்துறைச் செயலரும் பார்த்துக்கொண்ட விஷயம். சேர்க்கைத் தகுதியை உயர்த்தவும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் விடவில்லை. ஆனால் உள்ளே வந்த பிறகு மேலே சொன்ன தினசரி மதிப்பெண் ஆரம்பித்துவிடுகிறது. நான்கு வருட மதிப்பெண்ணையும் நடத்தையையும் கூட்டி ஒரே தரவரிசை. அந்த வரிசைப்படிதான் வேலை: மேலே இருப்பவர்கள் பொறியாளர் பிரிவுக்கு, அப்புறம் பீரங்கிப்படை, அதற்கும் கீழே காலாட்படை. மாமா ஜெனரலாக இருந்து என்ன செய்ய, ஜனவரி தேர்வில் பலகை முன்னால் மாமா வந்து நிற்க முடியாதே.

பணத்தையும் இதே மாதிரி அடக்கினார். கேடட்டுக்கு மாதம் 16 டாலரும் உணவுப்படியும் சம்பளம், ஆனால் கையில் ஒரு காசு வராது. எல்லாம் கணக்கில் வரவு, கடையில் வாங்கினால் கணக்கில் பற்று. வீட்டிலிருந்து பணம் அனுப்பக்கூடாது. தோட்ட முதலாளி மகனும் ஏழை விவசாயி மகனும் ஒரே மாதிரி சட்டைக்கும் ஒரே மாதிரி மெழுகுவத்திக்கும் அதே கணக்கில்தான் கையெழுத்துப் போடவேண்டும்.

பையன்கள் எதிர்க்கவே இல்லையா?

எதிர்த்தார்கள். 1818 நவம்பரில், கேடட்டுகளின் கவாத்தைப் பார்த்துக்கொண்ட கேப்டன் பிளிஸ் என்ற அதிகாரி ஒரு பையனைச் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார். பெரும்பாலான கேடட்டுகள் கையெழுத்துப் போட்டு, ஐந்து பேர் கொண்ட குழு ஒன்று தேயரிடம் மனுவோடு வந்தது. கூட்டமாக மனு கொடுப்பதே கலகம் என்று சொல்லி ஐந்து பேரையும் வெளியே அனுப்பினார். கேடட்டுகள் ராணுவச் சட்டத்துக்கு உட்பட்டவர்களா என்ற கேள்வி அரசுத் தலைமை வழக்கறிஞர் வில்லியம் வர்ட் வரை போய், ஆமாம், உட்பட்டவர்கள்தான் என்று பதில் வந்தது. பிளிஸ் மாற்றப்பட்டார் என்றாலும் பையன்களின் புகாரில் நியாயம் இருந்தது என்பதும், அதை தேயர் காது கொடுத்துக் கேட்கவில்லை என்பதும் என் கருத்து.

இன்னொன்று 1826 கிறிஸ்துமஸ் கலாட்டா. மது கூடாது என்ற விதியை மீறி, முட்டையும் பாலும் போட்டுக் கலக்குகிற எக்நாக் பானத்துக்காக விஸ்கியைத் திருட்டுத்தனமாக உள்ளே கொண்டுவந்தார்கள். விடிவதற்குள் ஜன்னல் உடைந்தது, அதிகாரியை நோக்கித் துப்பாக்கி வெடித்தது, படிக்கட்டுக் கைப்பிடி பெயர்ந்தது. கூத்தில் சேர்ந்தவர்கள் எழுபது பேர் வரை இருக்கும். எல்லாரையும் அனுப்பினால் அகாடமியே காலி என்பதால் மோசமாக நடந்தவர்கள் ஏறத்தாழ இருபது பேரை மட்டும் விசாரணைக்கு நிறுத்தினார்கள். பின்னாளில் தென் மாநிலக் கூட்டமைப்பின் ஜனாதிபதி ஆன ஜெஃபர்சன் டேவிசும் அன்றிரவு குடித்தவர்தான். அதிகாரி அவரை அறைக்கு விரட்டியதால் கலவரம் முற்றும் நேரத்தில் படுக்கையில் இருந்தார், தப்பித்தார்.

அவருக்கு ஒவ்வொரு பையனைப் பத்தியும் எல்லாமே தெரியுமாமே, உளவாளி வெச்சிருந்தாரா?

கேடட்டுகள் அப்படித்தான் நம்பினார்கள். அறைக்குள் போய் நின்றால், உனக்குக் கடையில் இவ்வளவு கடன் இருக்கிறது, போன வாரம் கணக்கில் இத்தனை வாங்கினாய், நடத்தைத் தவறுக்கு விழுந்த கரும்புள்ளி இத்தனை என்று சொல்லிவிடுவார். விஷயம் என்னவென்றால் அவர் மேஜையில், எதிரே நிற்பவன் கண்ணில் படாத இடத்தில், சின்னச் சின்ன அறைகள் இருந்தன. வாராவாரம் வரும் அறிக்கைகளை ஆள்வாரியாக அதில் சொருகி வைத்திருப்பார், பேசிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வார். அவ்வளவுதான் ரகசியம்.

எட்கர் ஆலன் போவை இவர்தானே துரத்திவிட்டார்?

பின்னாளில் பெரிய எழுத்தாளரான போவைத்தானே கேட்கிறீர்கள், துரத்தும்படி அவரேதான் செய்தார். 1830இல் சேர்ந்தவருக்கு வளர்ப்புத் தந்தையோடு மனக்கசப்பு, வெளியே போக அனுமதியும் கிடைக்கவில்லை. கவாத்துக்கும் வகுப்புக்கும் போகாமல் வேண்டுமென்றே இருந்துவிட்டார், 1831 தொடக்கத்தில் ராணுவ நீதிமன்றம் நீக்கியது. தேயர்மீது அவருக்குப் பெரிய கோபம் இருந்ததாகவும் தெரியவில்லை. போலந்துப் படையில் சேர ஆசைப்பட்டு, பிரெஞ்சுத் தளபதி லஃபாயெட்டுக்கு அறிமுகக் கடிதம் வேண்டும் என்று போய்க் கேட்டது தேயரிடம்தான். கேடட்டுகள் காசு போட்டு அவருடைய கவிதைப் புத்தகம் வெளிவர உதவினார்கள், அதை அவர்களுக்கே காணிக்கையாக்கினார். உள்ளே வாத்தியார்களைக் கிண்டல் செய்யும் பாட்டுகளை எதிர்பார்த்தவர்களுக்குப் பெரிய ஏமாற்றம்.

போர் செய்யக் கத்துக்கொடுக்கவேண்டிய இடத்துல எதுக்கு இவ்வளவு கணக்கு?

அந்தக் காலத்திலேயே கேட்டார்கள். நேரம் பெரும்பாலும் கணிதம், பிரெஞ்சு, வரைபடம், இயற்பியல், பொறியியல் என்று போனது, போர்க்கலைக்குக் கடைசி வருடத்தில் கொஞ்சம். ஒரு தளபதியை உருவாக்க இது போதாது என்ற குற்றச்சாட்டில் உண்மை உண்டு, நான் மறுக்கவில்லை.

ஆனால் அன்றைய அமெரிக்காவுக்கு அவசரமாகத் தேவைப்பட்டது சாலையும் கால்வாயும் ரயில்பாதையும் கோட்டையும். தேயர் பொறுப்பேற்றபோது பொறியாளர்களை உருவாக்க வேறு கல்லூரியே கிடையாது, ரென்சலர் பள்ளி வந்தது 1824இல். 1819இல் தேறிய ஜார்ஜ் வாஷிங்டன் விஸ்லர் பால்டிமோர்–ஒஹாயோ ரயில்பாதைக்கு வேலை செய்து, கடைசியில் ரஷ்ய ஜாரின் அழைப்பில் பீட்டர்ஸ்பர்க்–மாஸ்கோ பாதை போடப் போனார். டென்னிஸ் ஹார்ட் மஹான் 1824இல் முதல் மாணவராகத் தேறியவர், தேயர் அவரை பிரான்சுக்கு அனுப்பிப் படிக்க வைத்துத் திரும்பக் கூட்டிக்கொண்டார். மஹானின் பொறியியல் புத்தகங்களைத்தான் பிறகு நாடு முழுக்கப் படித்தார்கள்.

பதினாறு வருஷம் நல்லா நடத்தின ஆளை ஏன் போகவிட்டாங்க?

1829இல் ஆண்ட்ரூ ஜாக்சன் ஜனாதிபதி ஆனார். அப்போது ஊர் மனநிலையும் மாறியிருந்தது. மக்கள் வரிப்பணத்தில் பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு இலவசப் படிப்பா என்ற கேள்வி கிளம்பி, டேவி குரோக்கெட் 1830இல் அகாடமியையே மூடச் சொல்லி காங்கிரசில் தீர்மானம் கொண்டுவந்தார். பார்ட்ரிட்ஜும் பழைய கணக்கைத் தீர்க்க எழுதித் தள்ளினார்.

இதெல்லாம்கூடத் தாங்கியிருக்கும். தேயர் விதிப்படி வெளியே அனுப்பியவர்களை ஜாக்சன் ஒரு உத்தரவில் திரும்பச் சேர்க்க ஆரம்பித்ததைத்தான் தாங்க முடியவில்லை. வெள்ளை மாளிகையில் ஆள் இருந்தால் கரும்புள்ளி அழியும் என்று பையன்களுக்குத் தெரிந்துவிட்டால் அந்தக் கணக்குப் புத்தகத்துக்கு என்ன மதிப்பு? கேடட் படைத்தலைவர் ஹிட்ச்காக் 1832 கடைசியில் வாஷிங்டனுக்கே போய் நேரில் பேசிப் பார்த்தார், ஜாக்சன் கத்தித் தீர்த்தார். தேயர் ராஜினாமா கொடுத்து 1833 ஜூலையில் கிளம்பிவிட்டார். வாசலோடு நின்ற சிபாரிசு வகுப்பறைக்குள்ளேயே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

‘கடமை, கௌரவம், தேசம்’, ஹானர் கோட், ராகிங் எல்லாம் இவர் ஆரம்பிச்சதா?

அந்த மூன்று சொல் முழக்கம் 1898இல் வந்தது. கேடட் சொன்னால் நம்புவோம், பொய் சொன்னால் வெளியே என்ற பழக்கம் தேயர் காலத்தில் இருந்தது. முறைப்படி கௌரவக் குழு வைத்தது 1922இல் மெக்ஆர்தர். அவர் தலைவராக இருந்தபோது தேயரின் பழைய கோடைக்கால முகாமையே எடுத்துவிட்டார் என்பது தனிக் கதை. புதுப் பையன்களைக் கொடுமைப்படுத்துவது பெரிதாக வளர்ந்தது உள்நாட்டுப் போருக்குப் பிறகு, அதை இவர் தலையில் கட்ட முடியாது.

உள்நாட்டுப் போர்ல ரெண்டு பக்கமும் இவர் மாணவர்கள்தானே? அப்போ இந்தக் கல்வியால என்ன பிரயோஜனம்?

கஷ்டமான கேள்வி. ராபர்ட் லீ 1829இல் 46 பேரில் இரண்டாமவராகத் தேறினார், நான்கு வருடத்தில் ஒரு கரும்புள்ளிகூட இல்லை. முதலிடம் பிடித்த சார்லஸ் மேசன் பிற்பாடு அயோவாவில் தலைமை நீதிபதி ஆனார். தேயர் முறை உருவாக்க நினைத்த ஆள் யார் என்றால் லீயைத்தான் காட்டவேண்டும், அந்த லீ அடிமைமுறையைக் காக்க எழுந்த படைக்குத் தலைமை தாங்கினார். எதிர்ப்பக்கம் வடக்குப் படையை நடத்திய கிராண்ட், ஷெர்மன் எல்லாம் தேயர் போன பிறகு படித்தவர்கள், ஆனால் அதே பலகை, அதே மஹான்.

தினமும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை போட்ட மதிப்பெண் வடிவியலை அளந்தது, பட்டன் போட்டிருக்கிறதா என்பதை அளந்தது. யாருக்காக, எதற்காகச் சண்டை போடுவாய் என்பதற்கு அதில் பத்தி இல்லை. இது தேயருடைய குறை மட்டும் இல்லை, அந்த நாடே அந்தக் கேள்வியைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தது. ஆனாலும் அவரைப் புகழ்கிறவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் போவது எனக்குப் பிடிப்பதில்லை.

வெளியே வந்தப்புறம் என்ன செஞ்சார்?

முப்பது வருடம் பாஸ்டன் துறைமுகத்தில் கோட்டை கட்டினார். அவர் கட்டிய வாரன் கோட்டையில்தான் போரின்போது தென் மாநிலக் கைதிகளை அடைத்து வைத்தார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1863இல் ஓய்வு பெற்று, 1867இல் டார்ட்மத்துக்கு 40,000 டாலர் கொடுத்துப் பொறியியல் பள்ளி தொடங்க வைத்தார், பிறகு மேலும் கொடுத்தார். பட்டமளிப்புக்கு நிற்காமல் போன அதே கல்லூரிக்கு. 1872இல் பிரெயின்ட்ரீயில் இறந்தார், 1877இல் உடலை வெஸ்ட் பாயிண்ட்டுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். அவர் விட்டுப்போன பணத்தில் தொடங்கிய தேயர் அகாடமி என்ற பள்ளி அந்த ஊரில் இன்னும் நடக்கிறது.

சார், நான் கல்லூரியில கணக்கு எடுக்கறேன். இதை இப்போ என் வகுப்புல செய்ய முடியுமா?

கொஞ்சம் முடியும். வெஸ்ட் பாயிண்ட்டின் கணிதத் துறையில் முன்கூட்டிப் படித்துவிட்டு வருவதும் பலகையில் போட்டு விளக்குவதும் சிறிய வகுப்புகளும் இன்னும் இருக்கின்றன. உங்களுக்கு அறுபது பேர் இருந்தால் தினமும் எல்லாருக்கும் மதிப்பெண் போடுவது நடக்காது. ஐந்தாறு பேரைக் கூப்பிட்டு வெவ்வேறு கணக்கு கொடுங்கள், யாரைக் கூப்பிடுவீர்கள் என்று முன்கூட்டித் தெரியக்கூடாது. போட்டு முடித்தவர் வகுப்பைப் பார்த்துப் பேசட்டும், நீங்கள் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொள்ளுங்கள். படித்துவிட்டு வராதவர்களை வைத்துக்கொண்டு இதைச் செய்தால் முதல் இரண்டு வாரம் கொடுமையாக இருக்கும், பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிடவேண்டும்.

வாராவாரம் தரவரிசை ஒட்டுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது சம்பளமும் சாப்பாடும் கொடுத்து, வேலையும் உறுதி சொல்லிக் கூட்டிவந்த பையன்களுக்கு வைத்தது.